குரல்வழிப் பயிர் ஆலோசனையும் கமக்காரரும்

மிளகாய்த் தோட்டமொன்றில் இலைகள் சுருளத் தொடங்கிவிட்டன என்க. தோட்டக்காரர் தம் சட்டைப்பையிலுள்ள சிறு கையடக்கத் தொலைபேசியை எடுத்து, விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவைக்குரிய 1920 என்னும் இலக்கத்தை அழுத்துகின்றார்.

"ஐயா, மிளகாய் இலை சுருண்டுபோயிற்று. எந்த மருந்து தெளிக்கலாம்?"

"இலை மேற்புறமாகச் சுருண்டுள்ளதா, கீழ்ப்புறமாகச் சுருண்டுள்ளதா?"

"அதை நான் பார்க்கவில்லை ஐயா. சுருண்டிருப்பது மட்டும் தெரியும்."

உரையாடல் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றது. இலையின் ஓரங்கள் மேல்நோக்கி, தோணியைப் போலச் சுருண்டிருப்பின் பெரும்பாலும் அது பனிப்பூச்சியின் வேலையாகும். ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து, இலை கவிழ்த்து வைத்த கரண்டியைப் போலத் தோன்றின் சிற்றுண்ணியை ஐயுறல் வேண்டும். சிற்றுண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. எட்டுக் கால்களையுடைய சிலந்தியின் உறவு. ஆதலால் பனிப்பூச்சியைக் கொல்லும் மருந்துகளுட் பல அதனைக் கொல்லா. அன்றியும், சிற்றுண்ணியைத் தின்று வாழும் நல்லுயிர்களை அம்மருந்துகள் அழித்துவிடுதலால், தெளித்த பின்னர்ச் சிற்றுண்ணி முன்னிலும் பெருகுதலும் உண்டு. "மேல்" அல்லது "கீழ்" என்னும் ஒரு சொல்லே ஒரு போத்தல் மருந்தின் விலையையும், சில வேளைகளில் ஒரு போகத்தின் விளைவையும் காப்பாற்றக்கூடியதாக இருக்கின்றது. அச்சொல்லைக் கூறக்கூடியவர் தோட்டத்தில் நிற்பவரே; தொலைவில் இருக்கும் ஆலோசகரல்லர்.

இணைய வசதி இல்லாத கமக்காரரும் தொலைபேசிக் குரலின் துணையால் தக்க ஆலோசனையைப் பெறும் வழிகளும், அவற்றைப் பயனுறக் கையாளும் முறையும் இப்பிரசுரத்திற் கூறப்படுகின்றன.

குரல் மட்டும் போதுமானவாறு

படமும் காணொளியும் காட்டும் தொலைபேசிகள் இன்று மலிந்துள்ளன என்பது உண்மையே. எனினும் பொத்தான் அழுத்தும் சிறு தொலைபேசியை மட்டும் வைத்திருக்கும் கமக்காரரும், இணையத்திற்குப் பணஞ் செலுத்த இயலாதவரும், வயலோரத்தில் இணையத் தொடர்பு கிட்டாதவரும் பலராவர். எழுத்து வாசிக்க வல்லவருட் சிலருக்கும் அத்தொலைபேசியின் சிறு முகப்பில் எழுத்துக்கள் தெளிவாகத் தோன்றுவதில்லை.

குறுந்தகவல் அனுப்பினாலென்ன என்று வினவலாம். ஆங்கில எழுத்தில் ஒரு குறுந்தகவல் 160 எழுத்துக்களைக் கொள்ளும். தமிழிலோ 70 குறியீடுகளே கொள்ளும். அவற்றுள்ளும் கொம்பு, கால், விசிறி, புள்ளி ஆகியன தனித்தனியே எண்ணப்படும். மருந்தின் பெயர், அளவு, தெளிக்கும் காலம், காப்பு முறை ஆகிய நான்கினையும் அவ்வளவில் அடக்குதல் அரிது. ஒரு நிமிடம் பேசினால் இவை யாவற்றையும் கூறிவிடலாம். ஐயம் தோன்றிய இடத்தில் மீளவும் வினவலாம்.

குரல்வழிச் சேவைகள் ஒரே வகையின அல்ல. அழைப்பவருடன் பயிற்சி பெற்ற அலுவலர் நேரே பேசுவது ஒன்று. முன்னரே பதிவு செய்த குரலை எந்திரம் ஒலித்து, "நெல்லாயின் 1ஐ அழுத்துக, மரக்கறியாயின் 2ஐ அழுத்துக" என்றாற்போல வழிகாட்டுவது மற்றொன்று. தொலைபேசியின் ஒவ்வொரு பொத்தானும் அழுத்தப்படும்போது வெவ்வேறு சுருதியுள்ள ஈரொலிகளை ஒருங்கே எழுப்பும். அவ்வொலிகளைக் கொண்டு எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை மறுமுனையிலுள்ள எந்திரம் அறிந்துகொள்கின்றது. இதற்குக் குரல் செல்லும் வழியே போதும், இணையம் வேண்டியதில்லை. பயிரின் பருவத்திற்கேற்ப எந்திரமே கமக்காரரை அழைத்துச் செய்தி கூறுவது இன்னொரு வகை. சில நாடுகளில், கமக்காரர் ஒருமுறை மணியடிக்கவிட்டுத் துண்டித்தால் எந்திரம் திரும்ப அழைக்கும் ஒழுங்கும் உண்டு. செலவு அவரைச் சாராது.

குஜராத்தின் குரல் திண்ணை

இத்தகைய முயற்சிகளுள் நன்கு ஆராயப்பட்டதொன்று இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் நடைபெற்றது. அதன் பெயர் "அவாஜ் ஓட்லோ". குஜராத்தி மொழியில் ஓட்லோ என்பது வீட்டின் முன்னுள்ள திண்ணை. எனவே அப்பெயரைக் குரல் திண்ணை எனலாம். மாலையில் ஊரார் திண்ணையிற் கூடிப் பயிரைப் பற்றிப் பேசுவதுபோலத் தொலைபேசியிலும் பேசச் செய்தலே அதன் நோக்கம். கமக்காரர் ஓர் இலக்கத்தை அழைத்துத் தம் வினாவைத் தம் குரலிலேயே பதிவு செய்வர். பயிரறிவுடையோர் அதனைக் கேட்டு விடையைப் பதிவு செய்வர். பிறர் கேட்ட வினாக்களையும் அவற்றுக்குக் கிடைத்த விடைகளையும் யாவரும் செவிமடுக்கலாம். தமக்குத் தெரிந்த விடையைத் தாமே கூறவுஞ் செய்யலாம்.

51 கமக்காரர் ஏழு மாதங்கள் அதனைப் பயன்படுத்திய விதம் ஆராயப்பட்டு 2010ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அவர்கள் பெரிதும் விரும்பியது வினாவும் விடையும் பரிமாறும் பகுதியையே. பிறருடைய வினாவைக் கேட்டலிலும் பயனுண்டு என்பது கமக்காரருக்குப் புதிதன்று. அயல் வயலில் இன்று கண்ட பீடை நாளை தம் வயலுக்கு வரும் என்பதை அவர் அறிவர். மேலும், வாயாற் சொல்லி எந்திரத்துக்கு விளங்கவைப்பதிலும் பொத்தானை அழுத்துதலே அவர்களுக்கு எளிதாயிருந்தது. எழுத்தறியாதவர்க்குப் பேச்சே எளிதாகும் என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற்கொள்ளல் தகும்.

அங்கே நடைபெற்ற மற்றோர் ஆய்வு சுவையானது, 2012இல் வெளிவந்தது. ஒரே வகையான பயிர்க் குறிப்புக்கள் சில கமக்காரருக்குப் பல்கலைக்கழக விஞ்ஞானியின் குரலிலும், சிலருக்குச் சக கமக்காரரின் குரலிலும் அனுப்பப்பட்டன. யாருடைய சொல்லை நம்புவீர் என்று நேரிற் கேட்டபோது விஞ்ஞானியையே பலரும் கூறினர். ஆனால் மேலும் அறியும்பொருட்டுத் தொலைபேசியில் அழைத்தோர், சக கமக்காரரின் குரலைக் கேட்டவர்களுள்ளேயே மிகுதியாயிருந்தனர்.

இனி, பயன் யாது? ஏறத்தாழ 1200 பருத்திக் கமக்காரரைக் கொண்டு ஈராண்டுகள் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகின்றது. கமக்காரர் அச்சேவையை நம்பினர். ஆலோசனை தேடும் இடத்தை மாற்றிக்கொண்டனர். கூறப்பட்ட உள்ளீடுகளை வாங்கிப் பயன்படுத்தினர். ஆயினும் விளைச்சலோ இலாபமோ உறுதியாக உயர்ந்தது என்பதற்கு அவ்வாய்வில் ஒழுங்கான சான்று கிடைக்கவில்லை. இதனை மறைக்காமற் கூறுதல் நன்று. மழையும் நீரும் சந்தை விலையும் தொலைபேசிக்கு அடங்குவன அல்ல. குரல்வழி ஆலோசனையிடம் எதிர்பார்க்கத்தக்கது, தவறான மருந்துக்குப் பணம் செலவாகாமையும், உரிய வேலை உரிய நாளிற் செய்யப்படுதலுமேயாகும். அதற்கு மேற்பட்ட வாக்குறுதியை எவர் தரினும் ஐயத்தோடு கேட்க.

இலங்கையிலும் பிற நாடுகளிலும்

இந்தியாவிற் கமக்காரருக்கான தொலைபேசி அழைப்பு நிலையங்கள் 2004இல் தொடங்கப்பட்டன. எத்தியோப்பியாவில் 8028 என்னும் இலக்கத்தில் இயங்கும் தானியங்கிச் சேவை 2014இல் தொடங்கிற்று. அந்நாட்டின் பல மொழிகளிலும் அது விடை கூறுகின்றது. நம் நாட்டில் விவசாயத் திணைக்களத்தின் 1920 சேவை 2006இல் ஆரம்பிக்கப்பட்டது. அழைப்பவர் எந்திரத்துடனன்றி அலுவலருடன் பேசுதலே அதன் சிறப்பு. 2015இல் தொலைபேசி நிறுவனமொன்று "உழவர் தோழன்" என்னும் பெயரில், பயிர்ப் பருவத்திற்கேற்பக் குரற்செய்தி அனுப்பும் சேவையொன்றையும் தொடங்கிற்று.

இவை யாவும் கமக்காரரின் வாய்ச்சொல்லை நம்பியே நிற்பன. அலுவலர் எத்துணை அறிஞராயினும் பயிரைக் காண்பதில்லை. ஆகவே அழைப்பதற்கு முன் வயலிற் செலவிடப்படும் கால் மணித்தியாலமே இம்முறையின் பெரும்பகுதி எனலாம்.

அழைப்பதற்கு முன் வயலில் பார்க்க வேண்டியவை

"நெல் எரிந்துபோயிற்று" என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். கமக்காரரிடையே இது நாள்தோறும் வழங்கும் சொல். ஆனால் இச்சொல் இரு வேறு கேடுகளைக் குறிக்கக்கூடும். ஒன்று எரிபந்த நோய். மற்றொன்று அறக்கொட்டியான் எனப்படும் கபில நிறத் தத்தியின் தாக்கம். முன்னையது பூஞ்சணத்தால் வருவது. பின்னையது பூச்சியால் வருவது. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குச் சிறிதும் உதவாது.

எரிபந்தத்தில் இலைகளின்மேற் கண் வடிவான புள்ளிகள் காணப்படும். இரு முனைகளும் கூர்மையாகவும், நடுப்பகுதி சாம்பல் நிறமாகவும், ஓரம் கபில நிறமாகவும் இருக்கும். அறக்கொட்டியான் தாக்கிய வயலில் இலைப்புள்ளி இராது. வயலின் நடுவே வட்டமான திட்டுக்கள் மஞ்சளித்து, பின்னர்த் தீயிற் கருகியவைபோற் காய்ந்து, நாளுக்கு நாள் விரியும். வரம்பில் நின்று பார்ப்பவருக்கு இது பசளைக் குறைவுபோலத் தோன்றும். அவர் தொலைபேசியில் "பயிர் மஞ்சளித்துவிட்டது" என்று மட்டும் கூறி, யூரியா இடலாமா என்று வினவினால், இடுமாறு விடை வருதலும் கூடும். யூரியா மிகுந்த பயிரில் அறக்கொட்டியான் மேலும் பெருகும் என்பதை அனுபவமுள்ள கமக்காரர் அறிவர்.

ஆதலால் வரம்பில் நில்லாது வயலுக்குள் இறங்குதல் வேண்டும். காய்ந்த திட்டின் ஓரத்தில், இன்னும் பசுமையாயுள்ள நெற்புதரை விலக்கி, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே தண்டின் அடியைக் குனிந்து பார்க்க. கையாற் புதரைத் தட்டினால் தத்திகள் நீரில் விழும். பத்துப் புதர்களை இடம்விட்டு இடம் தட்டி, ஒவ்வொன்றிலும் விழுந்தவற்றை எண்ணிக்கொள்க. சிலந்திகள் காணப்படின் அவற்றையும் எண்ணுக. அவை தத்திகளைத் தின்பவை. இவ்வெண்களை அலுவலரிடம் கூறினால் மருந்து வேண்டுமா, நீரை வடித்து வயலைச் சில நாட்கள் உலரவிட்டாற் போதுமா என்பதை அவர் தீர்மானிக்க இயலும். மருந்து வேண்டுமென அவர் கூறின், அது இலைமேலன்றித் தண்டின் அடியிற் படுமாறு தெளித்தல் வேண்டும் என்பதும் நினைவிலிருக்க வேண்டியது.

கதிர் வெளுத்து நிமிர்ந்து நிற்குமாயின், அக்கதிரைப் பிடித்து மெல்ல இழுக்க. எளிதிற் கழன்று வந்து, அடியில் அரித்த அடையாளம் இருப்பின் அது தண்டு துளைப்பானால் வந்தது. கழலாது நின்று, கதிரின் கழுத்துக் கணு கறுத்திருப்பின் எரிபந்தத்தை ஐயுறுக. தண்டு அடியிற் சரிவாக வெட்டுண்டு கிடப்பின் எலியைத் தேடுக.

தக்காளியும் கத்தரியும் திடீரென வாடுதல் மரக்கறிச் செய்கையாளருக்குப் பெருந் துன்பம் தருவது. இலை மஞ்சளாகாது, பச்சையாகவே செடி ஓரிரு நாளில் துவளுமாயின், அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில், வெட்டுமுனை நீரில் தோயுமாறு தொங்கவிடுக. சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால் போன்ற வெண்ணிழை ஒழுகினால் அது பற்றீரியா வாடலாகும். இழை ஒழுகாது, தண்டின் உட்புறம் கபில நிறக் கோடுகளாகத் தோன்றின் பூஞ்சண வாடலாயிருத்தல் கூடும். பற்றீரியா வாடல் கண்ட செடியைத் தெளிக்கும் மருந்தால் மீட்க இயலாது. அச்செடியை வேரோடும் அதைச் சூழ்ந்த மண்ணோடும் அகற்றி அழித்தலும், அந்நிலத்தில் அடுத்த போகம் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்த்தலுமே செய்யத்தக்கன. "மருந்து வேண்டாம்" என்று அலுவலர் கூறுவதைக் கேட்டு மனங்குறைபடுவோர் உளர். அவ்விடைதான் அன்று அவர் பெற்ற விடைகளுட் பெறுமதி மிக்கது.

நெல்லினத்தின் பெயரையும் விதைத்த நாளையும் கூறாமற் பலர் அழைக்கின்றனர். பீ.ஜீ. 300 மூன்று மாத இனம், பீ.ஜீ. 352 மூன்றரை மாத இனம். விதைத்து 50ஆம் நாளில் இவ்விரண்டும் ஒரே பருவத்தில் நிற்பதில்லை. மேற்கட்டுப் பசளை இடும் நாளும் வேறுபடும். ஆகவே இனம், விதைத்த நாள், பசளை இட்ட நாட்களும் அளவும், ஏற்கெனவே தெளித்த மருந்து ஆகியவற்றை ஒரு சிறு கொப்பியிற் குறித்து வைத்தல் நன்று. எழுத இயலாதவர் வீட்டிற் படிக்கும் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம். நாற்று நட்டவரும் களை பிடுங்கியவரும் வீட்டுப் பெண்களாயிருக்க, தொலைபேசி மட்டும் ஆண்மகனின் பையில் இருத்தல் பல இடங்களிற் காணும் வழக்கம். பயிரை அன்று கண்டவர் எவரோ அவரே பேசுதல் சிறந்தது.

நில அளவிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பரப்புக் கணக்கிற் பேசுவர். 16 பரப்பு ஓர் ஏக்கராகும். அலுவலர் ஏக்கரிலோ ஹெக்டயரிலோ கணக்கிடக்கூடும். ஒருவர் பரப்பைக் கூற மற்றவர் ஏக்கராகக் கொண்டால் பசளை பதினாறு மடங்காகும். எனவே எண்ணோடு அளவின் பெயரையும் சேர்த்துக் கூறுக.

பேசும்போது

பயிர் எதிரே தெரியும் இடத்தில் நின்று அழைத்தல் வேண்டும். அலுவலர் புதிதாக ஒன்றைப் பார்க்குமாறு கூறினால் அப்பொழுதே பார்த்துச் சொல்லலாம். வயலில் ஒலி தெளிவாகக் கேளாவிடின், ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வரம்பின் மேட்டுக்கோ தெருவோரத்துக்கோ செல்லலாம். வீட்டுத் திண்ணையிலிருந்து நினைவைக்கொண்டு விவரித்தலைத் தவிர்க்க.

மருந்தின் பெயரைக் கேட்டவுடன் திருப்பிச் சொல்லுதல் இன்றியமையாதது. புரொப்பினெப் என்பது பூஞ்சணநாசினி. புரொபெனோபொஸ் என்பது பூச்சிநாசினி. தொலைபேசியின் இரைச்சலில் இவ்விரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும். பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் கொப்பியில் எழுதுக. ஒரு தெளிகருவித் தாங்கிக்கு எத்தனை மில்லிலீற்றர், தம் கருவி எத்தனை லீற்றர் கொள்வது, அறுவடைக்கு எத்தனை நாள் முன்னர் தெளிப்பதை நிறுத்துதல் வேண்டும் என்பவற்றையும் வினவுக. மரக்கறிக்கு இறுதியாகக் கூறியது மிக முக்கியம். நாளை சந்தைக்குப் போகும் கத்தரியை உண்பவர் அயலாரே. கடையில் வாங்கிய போத்தலின் சுட்டுத்துண்டில் உள்ளது தொலைபேசியிற் கேட்டதோடு முரண்படுமாயின், தெளிக்காது மீண்டும் அழைத்தல் வேண்டும். கடைக்காரர் "அது இல்லை, இதுவும் அதுவே" என்று வேறொன்றைத் தருவாராயினும் அவ்வாறே செய்க.

அண்மைக் காலத்தில், கமக்காரர் பேசுவதைக் கேட்டு எந்திரமே தன் குரலில் விடை கூறும் முறைகளும் தோன்றியுள்ளன. இரவு பகல் எந்நேரமும் விடை கிடைத்தல் அவற்றின் நன்மை. ஆனால் நல்ல ஆலோசகரை அறிதற்கு எளிய வழியொன்று உண்டு: விடை கூறுமுன் அவர் வினவுவார். இலை சுருண்டது என்றவுடன், எப்பக்கம் சுருண்டது என்று கேளாமலே மருந்தின் பெயரைச் சொல்லும் குரல் மனிதருடையதாயினும் எந்திரத்துடையதாயினும், அதனைக் கேட்டுத் தெளித்தல் ஆகாது.

ஆலோசனையின்படி செய்து ஐந்தாறு நாள் சென்றபின், பயிர் தேறியதோ இல்லையோ, மீண்டும் ஒருமுறை அழைத்து நிலைமையைக் கூறுதல் நன்று. முதல் அழைப்பின் நாளும் அன்று கூறப்பட்டதும் கொப்பியில் இருப்பின், வேறோர் அலுவலர் பேசினாலும் அவருக்கு விளங்கும்.

குரலால் விளக்க இயலாத கேடுகளும் உள. பல அறிகுறிகள் ஒருங்கே தோன்றினும், இரு முறை அழைத்தும் தெளிவு பிறவாவிடினும், செடியை நேரிற் காட்டுதலே வழி. முற்றும் காய்ந்த செடியைக் கொண்டுசெல்வதிற் பயனில்லை. நோய் தொடங்கிய நிலையிலுள்ள செடி ஒன்றையும், அருகேயுள்ள நல்ல செடி ஒன்றையும் வேரோடும் சிறிது மண்ணோடும் தோண்டி எடுக்க. நீர் தெளிக்காது தனித்தனிக் கடதாசியிற் சுற்றி, வெயில் படாமல், அன்றைய தினமே கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுசேர்க்க. கொப்பியையும் உடன் கொண்டுசெல்க.